யாழினியா, ஆதிரையா, நிலாவா? கடைசிச் சுற்றில் நிற்கும் ஆறு பெயர்கள்

பெண் குழந்தைக்குப் பெயர் தேடும் வீட்டில் ஆரம்பத்தில் ஐம்பது அறுபது பெயர் இருக்கும். பாட்டி சொன்னது பழசு என்று கழியும். அத்தை சொன்னது நாத்தனார் மகளுக்கு ஏற்கெனவே வைத்தாயிற்று என்று கழியும். அப்பாவுக்குப் பிடித்த பெயர் அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆகாத ஒருத்தியின் பெயராக இருந்து தொலைக்கும். இப்படிக் கழித்துக் கழித்து இன்றைக்குப் பல வீடுகளில் கடைசியில் மிஞ்சுகிற பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: யாழினி, ஆதிரை, நிலா, அனன்யா, மாயா, தியா.

ஆறும் சின்னப் பெயர்கள். ஆறும் புதுசாக ஒலிக்கின்றன. ஆறுக்கும் இணையத்தில் அழகான பொருள் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் பொருளை வைத்து மட்டும் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிவதில்லை. ‘ஒளி’, ‘இனிமை’, ‘தனித்துவம்’ என்று எல்லாமே நல்லதாக இருந்தால் எதை விடுவது? பெயர் எந்த மொழியிலிருந்து வந்தது, பெயராக ஆவதற்கு முன் அந்தச் சொல் என்ன வேலை செய்துகொண்டிருந்தது, நம் வாயில் அது என்னவாகிறது, ஆங்கில எழுத்தில் போட்டால் என்னவாகிறது என்று கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்.

பட்டியல்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு இந்த ஆறில் இல்லாத ஒரு பெயரைச் சொல்கிறேன்: கியாரா. இத்தாலியில் இது பழைய பெயர். இலத்தீன் ‘கிளாரா’விலிருந்து வந்தது, தெளிந்த, ஒளிமிக்க என்று பொருள். அசிசி நகரத்துப் புனித கிளாராவை இத்தாலியர்கள் கியாரா என்றுதான் சொல்வார்கள். அயர்லாந்தில் ஏறத்தாழ இதே ஆங்கில எழுத்துகளில் இன்னொரு பெயர் இருக்கிறது. அதை ‘கீரா’ என்று உச்சரிப்பார்கள், வேர்ச்சொல்லுக்குக் கருமை என்று பொருள். ஒரு பட்டியலில் வெளிச்சம் என்றும் இன்னொன்றில் இருட்டு என்றும் போட்டிருப்பதன் ரகசியம் இதுதான். இரண்டு வெவ்வேறு பெயர்களை ஒரே வரியில் திணித்துவிட்டார்கள்.

சரிபார்ப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. தமிழ்ச் சொல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இருக்கிறது. சமஸ்கிருதம் என்று சொன்னால் 1899-இல் வந்த மோனியர் வில்லியம்ஸ் அகராதி இருக்கிறது. இரண்டையும் இணையத்திலேயே இலவசமாகத் தேடலாம். வேர்ச்சொல் இரண்டிலும் கிடைக்காவிட்டால் அது யாரோ ஒலிக்காகக் கோத்த பெயராக இருக்கலாம். ஒலிக்காக ஒரு பெயர் வைப்பதில் தப்பே இல்லை. இல்லாத பொருளை அதன் தலையில் கட்டுவதுதான் வேண்டாத வேலை. முன்னால் ஒரு தன், ஒரு யா சேர்த்து, பின்னால் ஒரு ஷிகா ஒட்டிவிட்டால் பொருள் தானாக வந்து உட்கார்ந்துவிடாது.

இனி ஆறுக்கும் வருவோம்.

யாழினியை ‘யாழ் போல் இனியவள்’ என்று பிரிக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு வேறொரு பிரிப்பு சரியாகப் படுகிறது. சங்கப் பாடல்களில் பாணர் கூட்டத்தில் பாடினி என்றொருத்தி வருவாள். பாடுகிறவள் பாடினி. அதே அச்சில் வார்த்தால் யாழை உடையவள், யாழ் மீட்டுகிறவள் யாழினி. இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. ‘யாழ் போல் இனியவள்’ என்றால் மற்றவர்கள் கேட்டு ரசிக்க அவள் ஒரு கருவி. ‘யாழ் மீட்டுகிறவள்’ என்றால் கருவி அவள் கையில். மகளுக்கு இரண்டாவதைச் சொல்லிக் கொடுப்பேன்.

பெயர் புதிது, யாழ் மிகப் பழையது. ‘குழல்இனிது யாழ்இனிது என்பதம் மக்கள் மழலைச்சொல் கேளா தவர்’ என்ற 66-ஆம் குறளில் அது குழந்தையின் மழலையோடு சேர்ந்தே வருகிறது. பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை என்று இரண்டு நூல்கள் இருப்பதே பேரியாழ் வாசித்த பாணர், சீறியாழ் வாசித்த பாணர் என்ற பிரிவால்தான். மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று வகைகள் வேறு. சிலப்பதிகாரக் கானல்வரியில் கோவலனும் மாதவியும் கடற்கரையில் மாறி மாறி யாழ் மீட்டிப் பாடப்போய்த்தான் மனம் முறிந்து பிரிகிறார்கள். சம்பந்தர் பாடிய ஒரு பதிகத்தை யாழில் அடக்க முடியாமல் திருநீலகண்ட யாழ்ப்பாணர் கருவியையே உடைக்கப் போனார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பதிகத்துக்கு யாழ்முறி என்றே பெயர்.

பிறகு யாழ் வழக்கொழிந்து போனது. வீணை வேறு, யாழ் வேறு. வீணையில் மெட்டு உண்டு, ஒரே தந்தியில் பல சுரம் பிடிக்கலாம். யாழில் மெட்டு கிடையாது, சுரத்துக்கு ஒரு நரம்பு. பெயர்சூட்டு விழா அழைப்பிதழில் யாழினி என்று எழுதிப் பக்கத்தில் வீணை படம் போடுகிறவர்கள் கொஞ்சம் கவனிக்கலாம். விபுலாநந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947-இல் வந்தது. அண்மையில் பழைய குறிப்புகளை வைத்து யாழைத் திரும்பச் செய்து வாசிக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. ஆக, இந்தப் பெயரைச் சுமக்கும் பெண்ணுக்கு ‘உன் பேருக்கு என்ன அர்த்தம்’ என்ற கேள்விக்கு ஆயுசுக்கும் சொல்லத் தீராத கதை இருக்கிறது.

சிக்கல் ழகரத்தில். ஊருக்கு ஊர் அது ளகரமாகிறது, சில வட்டாரங்களில் யகரமாகிறது, அவசரத்தில் லகரமாகிறது. பெற்றவர்களே ‘யாளினி’ என்று கூப்பிட்டால் யாழ் போய்க் கோயில் தூணில் நிற்கும் யாளி வந்துவிடும். ஆங்கில எழுத்தில் கதை இன்னும் மோசம். ழ-வுக்கு நாம் இசட், எச் என்று இரண்டு எழுத்தைப் போடுகிறோம். அது நமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம், மற்றவர்களுக்குத் தெரியாது. ஆங்கிலம் மட்டும் படித்தவர் ‘யாஷினி’ என்பார், சீனம் தெரிந்தவர் ‘யாஜினி’ என்பார். ஈழத்தமிழர் பலர் எல் போட்டு எழுதிவிடுகிறார்கள். உச்சரிப்பு முழுசாகக் கிடைக்காது, ஆனால் பெயர் கோரமாகாமல் பிழைத்துக்கொள்ளும்.

இலக்கணப் பிடிப்புள்ளவர்களுக்கு ஒரு கொசுறு. ‘ஆவோடு அல்லது யகரம் முதலாது’ என்கிறது தொல்காப்பியம். யகர வரிசையில் யா மட்டும்தான் சொல்லுக்கு முதலில் வரலாமாம். யமுனா, யுவராணி, யோகிதா எல்லாம் அந்த வாசலில் நிற்க வேண்டும், யாழினி நேராக உள்ளே போய்விடுவாள். ர, ல வரிசைகளுக்கும் அங்கே அனுமதி இல்லை என்பதால்தான் பழைய நூல்களில் இராமன், இலக்குவன் என்று முன்னால் ஓர் இகரம் முளைக்கிறது.

அடுத்தது ஆதிரை. நான் வைப்பதாக இருந்தால் இதைத்தான் வைப்பேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மணிமேகலைக் காப்பியத்தில் பதினாறாம் காதைக்கு ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’ என்று பெயர். கணிகை வீட்டிலும் சூதாட்டத்திலும் பொருளைத் தொலைத்த சாதுவன் என்பவனின் மனைவி ஆதிரை. அவன் பொருள் தேடிக் கப்பலேறுகிறான், கப்பல் உடைகிறது. தப்பி வந்தவர்கள் அவனும் செத்துப்போனான் என்று சொல்லிவிடுகிறார்கள். அவள் தீ மூட்டி அதில் இறங்குகிறாள், தீ அவளைச் சுடவில்லை. அவன் நாகர் நாட்டில் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு குரல் கேட்கிறது. பின்னால் அவன் திரும்பியும் வருகிறான். அமுதசுரபியைக் கையில் வைத்துக்கொண்டு முதல் பிச்சையை யாரிடம் வாங்குவது என்று மணிமேகலை நிற்கும்போது ஆதிரையின் வீட்டைத்தான் காட்டுகிறார்கள். அவள் ‘பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுக’ என்று சொல்லி இடுகிறாள். உலகம் முழுதும் பசி என்ற நோய் ஒழியட்டும். எடுக்க எடுக்கக் குறையாத அந்தப் பாத்திரத்தில் முதன்முதலில் விழுந்தது அவள் கையால் இட்ட சோறு.

தீயில் இறங்கிய கதை இன்று படிக்கிறவர்களுக்கு உறுத்தும். உறுத்தத்தான் வேண்டும். அதனாலேயே இந்தப் பெயர் வேண்டாம் என்று சொன்ன பெற்றோரை எனக்குத் தெரியும், அதை வீம்பு என்று சொல்ல மாட்டேன். என் கணக்கில் அந்த ஒற்றை வரி வேண்டுதல் மற்றதையெல்லாம் தாண்டி நிற்கிறது. பசி ஒழியட்டும் என்று சொன்னவளின் பெயர், அவ்வளவுதான்.

தூய தமிழ்ப் பெயர் என்று நினைத்து இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளட்டும். ஆதிரை என்ற சொல் ‘ஆர்த்ரா’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். ஈரமான, நனைந்த என்று பொருள். சீதா சீதையாவது போல, கங்கா கங்கையாவது போல, ஆகாரத்தில் முடிவதை ஐகாரத்தில் முடித்துத் தமிழ் தனதாக்கிக்கொண்டது. மலையாளத்தில் அது ஆதிர. திருவாதிரை என்று நாம் சொல்லும் விண்மீனும் இதுவே. வேட்டைக்காரன் உருவமாகச் சொல்லப்படும் விண்மீன் கூட்டத்தின் தோளில் சிவப்பாக எரிகிற பெருமீன், மேலைநாட்டார் பீட்டல்ஜூஸ் என்பார்கள். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அது திடீரென மங்கிப்போய் வெடிக்கப் போகிறதோ என்று வானியலாளர்கள் பரபரத்தார்கள். அது கக்கிய தூசுதான் மறைத்தது என்று பிறகு தெரிந்தது, பழையபடி ஒளிர்கிறது. இப்படிப் பொருள் ‘ஈரம்’, விண்மீன் நெருப்பு நிறம், காப்பியத்தில் தீ சுடாதவள் என்று மூன்றும் ஒரே பெயரில் சேர்ந்திருப்பது தற்செயல்தான். ஆனாலும் ரசிக்கலாம்.

ஆங்கிலத்தில் எழுத இதுவும் கொஞ்சம் படுத்தும். த-வுக்கு டி-எச்சா டி மட்டுமா, முதல் ஆ-வுக்கு ஓர் ஏயா இரண்டா, கடைசி ஐகாரத்தை என்ன செய்வது? ஐகாரத்துக்கு ஏ-ஐ போட்டால் வெளியூர்க்காரர்கள் ‘ஆதிரே’ என்பார்கள். ‘ஆதிரா’ என்று மாற்றிவிட்டால் எல்லாருக்கும் சுலபம். ஆனால் காப்பியத்துக்காரி கொஞ்சம் விலகிப்போவாள்.

நிலாவுக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது. தமிழில் இரண்டெழுத்து, ஆங்கிலத்தில் நாலெழுத்து. கிண்டர்கார்டன் குழந்தையே தன் பெயரை எழுதிவிடும். சாதி, மதம், வட்டாரம் எதையும் காட்டாத பெயர். இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவ வீடுகள் எதிலும் பொருந்தும். கலப்பு மணம் செய்துகொண்டவர்கள் பலர் கடைசியில் இதில் வந்து நிற்பது ஆச்சரியமில்லை.

பழைய பாடல்களில் வானத்து உருண்டைக்குத் திங்கள், மதி என்ற பெயர்களே மிகுதி. நிலவு, நிலா என்பவை அதன் வெளிச்சத்தையும் குறித்தன. பாரி இறந்தபின் அவன் மகள்கள் பாடிய புறநானூற்று 112-ஆம் பாட்டில் ‘அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின் எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர்கொளார்’ என்று வருகிறது. போன மாதத்து அந்த வெண்ணிலா வெளிச்சத்தில் அப்பா இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. அங்கே திங்கள் மாதம், நிலவு வெளிச்சம். ‘பால் போன்ற முகம்’ என்று எதையோ சொல்வதைவிட, இருட்டில் வழி காட்டுகிற வெளிச்சம் என்று மகளுக்குச் சொல்லலாம். சந்திரனை ஆணாக வைத்துக் கதை சொன்ன அதே சமூகம்தான் நிலாவைப் பெண்ணாக்கிக்கொண்டது.

குறையென்று பார்த்தால் இரண்டு. வடக்கே போனால் ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘நீலா’ என்று படிப்பார்கள். இந்தியில் அது நீல நிறம். இன்னொன்று, இப்போது நிறைய நிலாக்கள் இருக்கிறார்கள். அதற்குப் பயந்து ‘வெண்ணிலா’ வைத்தால் பள்ளிக்கூடத்தில் ஐஸ்கிரீம் என்று கூப்பிடுவதைத் தடுக்க எந்தத் தலைமையாசிரியராலும் முடியாது. பிறை, மதி, திங்கள் என்று பக்கத்திலேயே யாரும் அதிகம் தொடாத பெயர்கள் இருக்கின்றன, அந்தப் பக்கமும் ஒரு பார்வை பார்க்கலாம்.

அனன்யா முழுக்கச் சமஸ்கிருதம். ‘அன்ய’ என்றால் வேறு, பிற. அதற்கு முன் மறுப்பாக ‘அன்’ சேர்ந்தால் வேறல்லாதது, பிறிதொன்று இல்லாதது. நாம் சொல்கிற அந்நியன், அந்நியம் எல்லாம் இந்த ‘அன்ய’ வழி வந்தவைதான். பட்டியல்களில் ‘ஒப்பற்றவள்’ என்று போட்டு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பொருளும் அகராதியில் உண்டு. ஆனால் இந்தச் சொல் அதிகம் உழைத்தது பக்தி நூல்களில். கீதையின் 9-ஆம் அத்தியாயம் 22-ஆம் சுலோகம் ‘அனன்யாஸ் சிந்தயந்தோ மாம்’ என்று தொடங்கும். வேறெதிலும் மனம் போகாமல் என்னை நினைப்பவர்கள் என்று பொருள். வைணவ ஆசாரியர்கள் ‘அநந்ய சரணத்வம்’ என்பதும் இதைத்தான், வேறு புகல் இல்லாமை. எனவே பெயரின் உள்ளே இருப்பது தனித்துவத்தைவிட ஒருமுகப்பட்ட மனம் என்று சொல்வது பொருத்தம். வைணவக் குடும்பமாக இருந்தால் இதைவிட ஆழமான சொல் சட்டென்று கிடைக்காது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு தகவல். தமிழ் வாய்க்கு ‘ன்யா’ கடினம் என்பதால் அனன்யா சீக்கிரமே ‘அனனியா’ ஆகிவிடும். தமிழ் விவிலியத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 5-ஆம் அதிகாரத்தில் நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்து வைத்துப் பொய் சொல்லி விழுந்து செத்த ஆணின் பெயர் அனனியா. 9-ஆம் அதிகாரத்தில் சவுலுக்குப் பார்வை திரும்பக் கைவைத்த நல்ல அனனியா ஒருவரும் இருக்கிறார். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் முதல் ஆளைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள் என்பது என் சந்தேகம். மற்றபடி, ஒப்பற்றவள் என்று நினைத்து வைத்த பெயரில் ஒரே வகுப்பில் இரண்டு மூன்று ஒப்பற்றவர்கள் இருப்பது தெரிந்த வேடிக்கைதான்.

மாயா விசித்திரமான பெயர். உலகத்தின் பல மூலைகளில் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் முளைத்திருக்கிறது. புத்தரின் தாய் மாயாதேவி. ரோமானியர்களுக்கு மாயா என்றொரு தெய்வம் உண்டு. இஸ்ரேலில் வைக்கும் மாயாவை எபிரேயத்தில் தண்ணீரைக் குறிக்கும் சொல்லோடு சேர்த்துப் பார்ப்பார்கள். எங்கே போனாலும் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, யாரும் தப்பாகப் படிக்க மாட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் மற்ற ஐந்தையும் இது தோற்கடித்துவிடும்.

ஆனால் தமிழ்க் காதில் இந்தச் சொல் சும்மா வருவதில்லை. மாயம், மாயை, மாயமாய் மறைந்தான் என்று ஏமாற்றுகிற பொருளோடுதான் வரும். சைவ சித்தாந்தத்தில் ஆணவம், கன்மம், மாயை என்பவை உயிரைப் பிணிக்கும் மும்மலங்கள். தேவாரம் ஓதும் தாத்தா இருக்கிற வீட்டில் பேத்திக்கு மூன்றாவது மலத்தின் பெயரா என்று கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். பதில் இருக்கிறது. தமிழில் ‘மா’ என்பது கருமையையும் குறிக்கும். தொல்காப்பியம் முல்லை நிலத்தை ‘மாயோன் மேய காடுறை உலகம்’ என்கிறது, கருநிறத் தெய்வம் விரும்பி உறையும் இடம். சங்கப் பாடல்கள் மாநிறப் பெண்ணை மாயோள் என்று பாராட்டி அழைக்கின்றன. சமஸ்கிருத மாயாவும் இந்த மாயோளும் ஒரே சொல் என்று நான் சொல்லவில்லை. ஒலி சேர்கிறது, அதனால் கறுப்புதான் அழகு என்று நினைக்கிற பெற்றோர் இந்தப் பெயருக்குத் தங்கள் பொருளைத் தாராளமாகக் கொடுத்துக்கொள்ளலாம். அப்படிக் கொடுப்பதாக இருந்தால் ‘மாயோள்’ என்றே வைக்கத் துணிந்தால் இன்னும் நல்லது, ஆனால் அந்தத் துணிச்சலை யாரிடமும் நான் கட்டாயப்படுத்தத் தயாரில்லை.

தியாவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இந்தியில் அகல்விளக்கு, ‘தீப’ என்ற வடசொல் தேய்ந்து வந்தது. அதே இந்தியில் அதே ஒலிக்குக் ‘கொடுத்தது’ என்றும் பொருள் உண்டு. அரபியில் ஒளியைக் குறிக்கும் ‘ழியா’வோடும் ஒலி ஒட்டும். தமிழில் எழுதினால் முதல் எழுத்து வல்லொலியாகி ‘தீ’ கேட்கும், பேச்சில் ‘தீயா’ ஆகிவிடும். பேச்சுத்தமிழில் தீயா இருக்கா என்பது பாராட்டுதான் என்றாலும், பெற்றவர்கள் நினைத்தது விளக்கை. விளக்கின் ஒளிதான் வேண்டும் என்றால் ‘சுடர்’ என்று ஒரு சொல் கையருகே இருக்கும்போது இந்தி வழியாகச் சுற்றிக்கொண்டு வருவானேன்? இதை மட்டும் பட்டியலிலிருந்து தயங்காமல் எடுத்துவிடுவேன்.

இவ்வளவும் பேசி முடித்தபின் ஜாதகம் பார்க்கிற பெரியவர் ஒருவர் நட்சத்திர எழுத்தோடு வருவார். இருபத்தேழு நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம், ஆக 108 தொடக்க எழுத்துகள். அந்தக் கணக்கில் நிலா அனுஷத்துக்குப் பொருந்தும், யாழினி கேட்டைக்கு, மாயா மகத்துக்கு, அனன்யா கார்த்திகை முதல் பாதத்துக்கு. வேடிக்கை ஆதிரையில். திருவாதிரையில் பிறந்த பெண்ணுக்கு ஆதிரை என்று வைக்க அந்த அட்டவணை இடம் தராது. திருவாதிரைக்கு உரியவை கு, க, ங, ச. ஆ என்று தொடங்கினால் அது கார்த்திகைக்குப் போய்விடும். போதாததற்கு ங-வில் தொடங்கும் பெயரை யார் எங்கே போய்த் தேடுவது? வடமொழி எழுத்து வரிசைக்குப் போட்ட அட்டவணை இது, தமிழ் எழுத்தில் வைத்துப் பார்த்தால் இடறும். தியாவையே பாருங்கள், வல்லொலியாகப் படித்தால் விசாகம், மெல்லொலியாகப் படித்தால் பூரட்டாதி. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. வீட்டில் இது முக்கியம் என்றால் ஜாதகத்துக்கு ஒரு பெயரைத் தனியாக வைத்துக்கொண்டு கூப்பிடும் பெயரை விட்டுவிடச் சொல்லலாம். பல குடும்பங்கள் அப்படித்தான் சமாளிக்கின்றன.

எண்கணிதம் இன்னும் சுவாரசியம், அது தமிழையே பார்ப்பதில்லை. ஆங்கில எழுத்துக்கு எண் வைத்துக் கூட்டுகிறார்கள். பரவலாகப் புழங்கும் முறையில் நிலாவைக் கூட்டிப் பாருங்கள்: என்-னுக்கு 5, ஐ-க்கு 1, எல்-லுக்கு 3, ஏ-க்கு 1. மொத்தம் 10, ஆக 1. கடைசியில் இன்னொரு ஏ சேர்த்தால் 11, ஆக 2. பெயரும் ஒலியும் மாறவில்லை, விதி மட்டும் மாறிவிட்டதாம். யாழினியை ழ-வுக்கு இசட்-எச் போட்டுக் கூட்டினால் 21, எல் போட்டுக் கூட்டினால் 12. இரண்டும் 3-தான், எனவே எல் போட நினைப்பவர்கள் தைரியமாகப் போடலாம். எண்ணுக்காக எழுத்தைப் பெருக்கினால் குழந்தை ஆயுள் முழுக்க ‘இரண்டு ஏ, அப்புறம் ஓர் எச்’ என்று எல்லா கவுண்டரிலும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் ஜோசியர் சொல்ல மாட்டார்.

ஆக யாருக்கு எது? வீட்டில் தமிழ் பேச்சாக இருக்கிறது, ழகரம் வாயில் நிற்கிறது, கதை சொல்லப் பெற்றோருக்கும் ஆர்வம் இருக்கிறது என்றால் யாழினி. ழ வராத வீட்டில் அதை வைக்காதீர்கள், பெயருக்கே கஷ்டம். குழந்தை வேறு மொழிக்காரர்கள் நடுவே வளரப்போகிறது என்றால் நிலா முதலில், மாயா அடுத்து. மாயாவை வைக்கிறவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் பெயர்சூட்டும் நாளில் முகச்சுளிப்பு மிச்சம். அனன்யா அந்தச் சொல்லின் பக்திப் பின்னணி பிடித்தவர்களுக்கு. வெறும் ‘யூனிக்’ என்பதற்காக என்றால் வேறு பார்க்கலாம். இலக்கியத்தில் ஒரு பிடி வேண்டும், கொஞ்சம் அரிதாகவும் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் இரண்டொரு முறை திருத்த அலுப்பில்லை என்றால் ஆதிரை. முடிவெடுக்குமுன் ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள்: மாடியிலிருந்து கோபமாக ஒருமுறை, தூங்க வைக்கும்போது மெல்ல ஒருமுறை, அப்பா அல்லது அம்மாவின் இனிஷியலோடு வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பது போல ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஆதிரை கோபத்தில் நன்றாக இழுபடும். நிலா இழுபடாது, இரண்டு முறை கூப்பிட வேண்டியிருக்கும்.

அவசரமும் வேண்டாம். இந்தியாவில் பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சரி, ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழான விதிகளின்படி பதிந்த 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்கு மேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். சேர்த்த பெயரை மாற்றுவதுதான் அலைச்சல். 2023 அக்டோபர் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம் என்பதால் இதிலுள்ள எழுத்துப்படியே மற்ற ஆவணங்களும் நகரும். எனவே விண்ணப்பத்தில் ஆங்கில எழுத்துகளை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல், தமிழில் தட்டச்சு செய்திருக்கிற வரியையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள். யாழினி ‘யாளினி’யாகவும் ஆதிரை ‘அதிரை’யாகவும் மாறுவது பெரும்பாலும் அந்த வரியில்தான்.